கல்யாண வீட்டில் எங்கே போயிருந்தது வலி?

கேள்வி: எனக்கு 46 வயது. வீட்டில் மெஷின் போட்டு பிளவுஸ் தைத்துக் கொடுக்கிறேன். எட்டு மாதமாக இடுப்பு வலி. ஸ்கேனில் எல்4-எல்5 டிஸ்க் (கீழ்முதுகு எலும்புகள் இரண்டுக்கு நடுவில் மெத்தைபோல் இருக்கும் தட்டு) பிதுங்கியிருப்பதாக வந்தது. ஆபரேஷன் வேண்டாம் என்ற டாக்டர், "மனதைப் போட்டு அலட்டிக்கொள்ளாதீர்கள்" என்றும் சொன்னார். ரிப்போர்ட்டைப் பார்த்ததிலிருந்து குடம் தூக்குவதில்லை, தரையில் உட்காருவதில்லை, குனிந்து கோலம் போடுவதுகூட இல்லை. ஆனால் நாத்தனார் மகள் கல்யாணத்தில் நாள் முழுக்க ஓடியாடினேன், வலி தெரியவே இல்லை. மறுநாள் எழுந்திருக்க முடியவில்லை. "கல்யாண வீட்டில் எங்கே போயிருந்தது உன் வலி?" என்கிறார் மாமியார். என் வலி வெறும் மனப்பிரமையா?

- வாசகி, ஈரோடு மாவட்டம்

பதில்: இல்லை அம்மா. உங்கள் வலி நிஜம். டாக்டர் சொன்னதும் சரிதான். இரண்டும் எப்படி ஒன்றாகச் சரியாக இருக்க முடியும் என்பதில்தான் உங்கள் குழப்பம்.

1995-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு சம்பவம் வெளியானது. 29 வயதுக் கட்டடத் தொழிலாளி ஒருவர் 15 செ.மீ. ஆணியின் மேல் குதித்துவிட்டார். ஆணி பூட்ஸைத் துளைத்து மேலே வந்து நின்றது. அது லேசாக அசைந்தாலே துடித்தார். வலுவான ஊசிகள் போட்டு, ஆணியைப் பிடுங்கி, பூட்ஸைக் கழற்றினால், ஆணி இரண்டு விரல்களுக்கு நடுவில் போயிருந்தது. காலில் ஒரு கீறல் இல்லை. அந்த மனிதர் நடித்தாரா? கண் பார்த்ததை வைத்து மூளை ஆபத்து என்று முடிவு கட்டியது; வலித்தது. உங்கள் இடுப்பில் ஒன்றுமே இல்லை என்று சொல்ல இதைச் சொல்லவில்லை. வலியின் அளவும் காயத்தின் அளவும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை என்பதற்காகச் சொன்னேன். வலியை ஆராயும் சர்வதேசச் சங்கம் 1979 முதலே அதை உடலும் மன உணர்வும் சேர்ந்த அனுபவம் என்றுதான் வரையறுத்து வருகிறது.

கல்யாண வீட்டில் நடந்தது இதன் மறுபக்கம். மனம் வேறொன்றில் மகிழ்ச்சியாக ஈடுபட்டிருக்கும்போது, இடுப்பிலிருந்து வரும் சமிக்ஞைகளை மூளை தண்டுவடத்திலேயே மட்டுப்படுத்திவிடுகிறது. வலியோடு இருக்கும் பெரும்பாலோருக்கும் இப்படிச் சில நல்ல மணிநேரங்கள் உண்டு. மறுநாள் படுத்ததற்குக் காரணம், எட்டு மாதம் வேலை கொடுக்காத தசைகளுக்கு ஒரே நாளில் எட்டு மாத வேலையைக் கொடுத்ததுதான். டிஸ்க் மேலும் பிதுங்கிவிட்டது என்று நீங்களாக நினைத்துக்கொள்ளாதீர்கள்.

இனி அந்த ரிப்போர்ட். வலியே இல்லாத 3,000-க்கும் மேற்பட்டோரின் ஸ்கேன்களைத் தொகுத்து 2015-இல் ஓர் ஆய்வு வந்தது. 40 வயதுக்காரர்களில் பாதிப்பேருக்கும், 50 வயதுக்காரர்களில் 60 சதவீதம் பேருக்கும் டிஸ்க் பிதுங்கியிருந்தது. தலை நரைப்பதைப் போல முதுகெலும்பும் வயதைக் காட்டுகிறது. இந்த ஒரு வரியை ரிப்போர்ட்டின் அடியிலேயே அச்சிட்டுக் கொடுத்தால் பாதிப்பேரின் பயம் அங்கேயே தீரும் என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது வலியைவிட, நீங்கள் ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டு வந்த பட்டியல். 'குனிந்தால் நரம்பு நசுங்கும்' என்ற நினைப்பு பயமாகிறது. பயத்தில் அசைவு குறைகிறது, தசை தளர்கிறது, பிறகு சின்னதாகக் குனிந்தாலும் வலிக்கிறது. 'பார், நினைத்தபடியே ஆயிற்று' என்று பயம் இன்னும் கெட்டிப்படுகிறது. இந்தச் சுழலை விளேயன், லின்டன் என்ற இரு உளவியலாளர்கள் 2000-இல் விரிவாக எழுதினார்கள்.

வெளியே வர, விட்டதை ஒவ்வொன்றாகத் திரும்ப எடுக்க வேண்டும். குடத்தில் தொடங்க வேண்டாம். சிறிய வாளியில் பாதித் தண்ணீர் போதும். ஒரு வாரம் அதையே தூக்குங்கள், அடுத்த வாரம் கொஞ்சம் கூட்டுங்கள். தையலில், பிளவுஸ் முடியட்டும் என்று உட்கார்ந்துவிடாமல், இருபது நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து நடந்துவிட்டு வாருங்கள். நன்றாக இருக்கும் நாளில் அளவை மீற வேண்டாம். வலிக்கும் நாளில் முழுவதும் படுத்துவிடவும் வேண்டாம். தொடக்கத்தில் கொஞ்சம் வலிக்கத்தான் செய்யும். அது பழக்கமில்லாத அசைவின் வலி.

இரவில் 'கால் விளங்காமல் போய்விடுமோ' என்ற எண்ணம் வந்தால், அதை ஒரு தாளில் எழுதி, பக்கத்தில் 'ஆபரேஷன் வேண்டாம் என்றார் டாக்டர்' என்று எழுதுங்கள். எண்ணத்தை அடக்கப் பார்க்க வேண்டாம். அடக்க அடக்க அது வளரும். இரண்டு மாதத்தில் மாற்றமில்லை என்றால், இயன்முறை மருத்துவர் ஒருவரையும் மனநல ஆலோசகர் ஒருவரையும் பாருங்கள். ஆலோசகரிடம் போவதால் வலி பொய்யாகிவிடாது.

சிறுநீர், மலம் அடக்க முடியாமல் போவது, தொடையின் உட்புறமும் ஆசனவாயைச் சுற்றியும் மரத்துப்போவது, காலில் வலு குறைவது - இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். காய்ச்சலோ காரணமில்லாத எடைக்குறைவோ சேர்ந்தால் தாமதிக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். இவை எதுவும் இல்லாதபோது, பயத்துக்காக இன்னொரு ஸ்கேன் எடுத்துப் பணத்தை விரயம் செய்யாதீர்கள்.