எழும்பூர் மியூசியத்த ஒரே நாள்ல முழுசா பாத்து முடிச்சிடலாமா? எங்க இருந்து ஆரம்பிக்கிறது?

முடிக்கலாம். நான் முடிச்சிருக்கேன், அதனாலதான் சொல்றேன், முடிக்காதீங்க.

எங்க ஆயா சின்ன வயசுல என்னைய கூட்டிட்டு போனாங்க. அவங்க வாயில மியூசியம்னே வராது, செத்த காலேஜ்தான். ஜூ உயிர் காலேஜ், இது செத்த காலேஜ். ஜூவ 1985லயே வண்டலூருக்கு மாத்திட்டாங்க, ஆனா ஆயாவுக்கு அந்த பேரு கடைசி வரைக்கும் மாறல. காலேஜ்னு ஏன் பேரு வந்துச்சுன்னா, 1851ல மியூசியம் ஆரம்பிச்சப்ப அது இருந்தது காலேஜ் ரோட்டுல, இப்ப டிபிஐன்னு சொல்ற பள்ளிக்கல்வி ஆபீஸ் இருக்கிற வளாகத்துல, அங்கதான் வெள்ளக்கார ஆபீசருங்களுக்கு தமிழ் தெலுங்குலாம் சொல்லிக்கொடுத்த காலேஜ் இருந்துச்சு. 1854லதான் இப்ப இருக்கிற பாந்தியன் ரோட்டுக்கு வந்துச்சு. பால்ஃபர்னு ஒரு டாக்டர்தான் அப்ப இதுக்கு பொறுப்பு, அவரு உயிரோட புலி சிறுத்தைனு கொண்டாந்து வெச்சதும் கூட்டம் அள்ளிச்சாம், மெட்ராஸ் ஜூவே அப்படி இந்த காம்பவுண்டுக்குள்ளதான் பொறந்துச்சு. உயிரும் செத்ததும் ஒரே வீட்டுப் புள்ளைங்க.

சரி விஷயத்துக்கு வரேன். அன்னிக்கு ஆயாவும் நானும் கால் ஓயற வரைக்கும் நடந்தோம், திமிங்கில எலும்புக்கூடு, காசு, கத்தி, பாடம் பண்ண பறவை, கல்லு சிலை, எல்லாம் பாத்தோம். வீட்டுக்கு வந்ததும் என்னடா பாத்தேன்னு அப்பா கேட்டாரு, திமிங்கிலம்னு ஒரே வார்த்தைதான் வந்துச்சு. அதுக்கப்புறம் காலேஜ் படிக்கறப்ப ஒரு தடவ போனேன், அதே கதைதான், மூணு மணி நேரத்துல எல்லா ரூமும் ஒரு சுத்து, வெளிய வந்து கரும்பு ஜூஸ். போன வருஷம் அக்கா பையன் லீவுக்கு வந்திருந்தான், ஒன்பது வயசு, அவன் கேக்கற கேள்விக்கு நின்னு நின்னு பதில் சொல்ல வேண்டி வந்ததால மொத்தமே ரெண்டு கேலரிதான் பாக்க முடிஞ்சுது, அந்த ஒரு நாள்தான் நான் மியூசியம் பாத்தேன்னு சொல்லிக்கலாம். (அதுக்கும் முதல் முயற்சி வெள்ளிக்கிழமை. வெள்ளி லீவு, கேட்டுல நின்னு வாட்ச்மேன பாத்து இளிச்சிட்டு திரும்பினோம். நீங்களாவது ஞாபகம் வெச்சிக்கோங்க. மத்த நாள்ல காலைல ஒன்பதரைல இருந்து அஞ்சு மணி வரைக்கும்.)

ஆரம்பிக்க வேண்டியது செப்புத் திருமேனிங்க இருக்கிற கட்டடம். காலைல, கால் வலிக்கிறதுக்கு முன்னாடி போயிடுங்க. கோயில்ல உற்சவர பாத்திருப்பீங்க, பட்டு, மாலை, கவசம் எல்லாத்துக்கும் நடுவுல மூஞ்சி மட்டும் தெரியும், அதுவும் தீபாராதனை காட்டற அரை நிமிஷம். இங்க அதே சாமிங்க ஒரு துணி இல்லாம நிக்கறாங்க, சுத்தி வந்து முதுகு வரைக்கும் பாக்கலாம். முதுக கண்டிப்பா பாருங்க, யாருமே பாக்க மாட்டாங்கன்னு தெரிஞ்ச இடத்துலயும் பூணூல் முடிச்சு, ஜடை, இடுப்பு மடிப்புன்னு அந்த ஸ்தபதி விட்டு வைக்கல. பீடத்துல ஓட்டையும் வளையமும் இருக்கும், அது வீதி உலாவுக்கு கழி சொருகி தூக்கறதுக்கு. மெழுகுல உருவம் பண்ணி, மேல மண்ணு பூசி, சூடு பண்ணி மெழுக வடிச்சுட்டு அந்த எடத்துல உலோகத்த ஊத்தறது, அச்ச ஒடைச்சாதான் சிலை வெளிய வரும், அதனால ஒரு அச்சுக்கு ஒரு சிலைதான். சுவாமிமலைல இன்னிக்கும் இப்படிதான் பண்றாங்க.

இவ்ளோ சிலை எப்படி இங்க வந்துச்சுன்னு அக்கா பையன் கேட்டான், திருடிட்டு வந்ததா மாமான்னு நேராவே கேட்டான். நெறைய சிலைங்க படையெடுப்புக்கு பயந்து ஊர்க்காரங்களே மண்ணுக்குள்ள பொதைச்சு வெச்சது. பொதைச்சவங்க போயிட்டாங்க, எடம் மறந்துபோச்சு, பல நூறு வருஷம் கழிச்சு ஏர் ஓட்டறப்பவோ அஸ்திவாரம் தோண்டறப்பவோ கெடைக்கும். 1878ல வந்த புதையல் சட்டப்படி கலெக்டருக்கு சொல்லணும், அந்த வழியாதான் பல சிலைங்க எழும்பூர் வந்து சேந்துச்சு. நாகப்பட்டினத்துல மட்டும் 1856ல ஆரம்பிச்சு 1930கள் வரைக்கும் 350 புத்தர் சிலை கிட்ட கெடைச்சிருக்கு, சோழர் காலத்துல அங்க புத்த விகாரம் இருந்த ஊரு. அதுல கொஞ்சம் இங்க பாக்கலாம், தலைல தீச்சுடர் மாதிரி இருக்கும், அத வெச்சே கண்டுபிடிச்சிடலாம்.

அப்புறம் திருவாலங்காட்டு நடராஜர். நாம காலண்டர்ல பாக்கற நடராஜருக்கு சுத்தி நெருப்பு வட்டம், ரெண்டு பக்கமும் பறக்கற சடை. இவருக்கு ரெண்டுமே இல்ல. வெறும் உடம்பு, கை, தூக்கின காலு, கீழ மிதிபடற அசுரன் முயலகன், அவ்ளோதான். இல்லாததுனாலயே ஆட்டம் இன்னும் நல்லா தெரியுதுன்னு எனக்கு தோணுச்சு. காளி கூட போட்டி போட்டு ஆடின ஊரு, காரைக்கால் அம்மையார் காலடில உக்காந்து பாடின ஊரு, அந்த ஊர்க்காரரு வேற எப்படி இருப்பாரு. பிரான்ஸ் நாட்டு சிற்பி ரோதான் இந்தியாவுக்கே வராம, இந்த மியூசியத்து நடராஜர் போட்டோங்கள மட்டும் பாத்துட்டு சொக்கிப்போயி எழுதி வெச்சாரு, 1921ல அது அச்சுல வந்துச்சு. நாம பக்கத்துல 27டி பஸ்ல போயிட்டு எறங்காம இருக்கோம்.

திருவெண்காட்டு அர்த்தநாரிக்கு எத்தன கைன்னு எண்ணிப் பாருங்க. மூணு. சிவன் பக்கம் ரெண்டு, அம்மன் பக்கம் ஒண்ணு. பையன்தான் எண்ணி சொன்னான், நான் அதுவரைக்கும் கவனிச்சதே இல்ல. இதே திருவெண்காட்டுல கெடைச்ச இன்னொரு அற்புதம், பாம்பையே தலைப்பாகையா கட்டிகிட்டு, இல்லாத காளை மேல கைய போட்டு ஒய்யாரமா நிக்கற சிவன், ரிஷபவாகனர், அவரு தஞ்சாவூர் அரண்மனை கலைக்கூடத்துல இருக்காரு, அந்தப் பக்கம் போனா விடாதீங்க. அங்க காளை காணோம்னா இங்க ராமர் கைல வில்லு காணோம். விரல் மட்டும் வில்ல புடிச்ச மாதிரியே மடங்கி இருக்கு. வில்லு எங்க மாமான்னு கேட்டான், தனியா பண்ணி மாட்டிவிடுவாங்க, தொலைஞ்சு போச்சுடான்னேன். பக்கத்துல நிக்கற லட்சுமணனுக்கும் இதே கேள்வி.

ரெண்டாவது, அமராவதி கேலரி. ஆந்திராவுல குண்டூர் பக்கம் இருந்த பெரிய புத்த ஸ்தூபத்தோட வெளிர் சுண்ணாம்புக்கல் சிற்பங்கள், ஒரு பகுதி லண்டன் போயிடுச்சு, மீதில பெரும்பங்கு இங்க இருக்கு. ஒரே ஒரு வட்டக்கல்ல மட்டும் தேடி கண்டுபிடிங்க, நளகிரி யானை கதை. மதம் புடிச்ச யானை ஒரு ஆள தும்பிக்கைல சுழட்டுது, தெருவே தெறிச்சு ஓடுது, மாடி ஜன்னல்ல இருந்து ஜனம் எட்டிப் பாக்குது, அதே வட்டத்துல இன்னொரு பக்கம் அதே யானை புத்தர் முன்னாடி மண்டி போட்டிருக்கு. ஒரே படத்துல ரெண்டு சீன். காமிக்ஸ் மாதிரின்னான் பையன், எனக்கு அதுக்கு மேல சொல்லத் தெரியல.

மத்த கேலரிங்க இன்னொரு நாளைக்கு. நூற்றாண்டு கூடத்துல அப்பப்ப தற்காலிக கண்காட்சி போடுவாங்க, நாங்க போனப்ப ஓவியம் படிக்கற பசங்களோடது இருந்துச்சு, பாதி புரியல, ஒரு மீன் மார்க்கெட் படம் மட்டும் வாங்கிட்டு போயிடலாம்னு இருந்துச்சு. ஹென்றி இர்வின் டிசைன் பண்ணி 1909ல தொறந்த தேசிய கலைக்கூடம் இருக்கே, அந்த ரோஸ் கலர் கல்லு கட்டடம், அத வெளிய நின்னே பத்து நிமிஷம் பாக்கலாம்.

அப்புறம் யாரும் சொல்லாத விஷயம் ஒண்ணு, நாடகம். அதே வளாகத்துல முன்பக்கம் வளைஞ்சு செவப்பா நிக்குதே, மியூசியம் தியேட்டர், 1896ல நம்பெருமாள் செட்டி கட்டினது, இன்னிக்கும் தமிழ் இங்கிலீஷ் நாடகம்லாம் நடக்குது. டிக்கெட் தனி, என்னிக்கு நாடகம்னு முன்னாடியே பாத்துட்டு அந்த நாளா பாத்து மியூசியம் போங்க. அஞ்சு மணிக்கு கேலரி மூடுவான், நாடகம் ஏழு மணி வாக்குல, நடுவுல டீ, வடை.

நாங்க பாத்தது ராமாயணத்துல ஒரு துண்ட எடுத்து போட்ட நாடகம். செட்டு ஒண்ணும் கெடையாது, ஒரு ஸ்டூலு, ஒரு வேட்டி. ராமரா நடிச்சவரு இல்லாத வில்ல எடுத்து, நாண் ஏத்தி, காது வரைக்கும் இழுத்தாரு, ஹால்ல ஒரு சத்தம் இல்ல. பையன் என் காதுல ரகசியம் சொல்றதா நெனச்சு சத்தமா கேட்டான், "மாமா, இவரும் வில்ல தொலைச்சிட்டாரா?" முன் வரிசையே திரும்பி சிரிச்சுது. மைக் இல்லாமதான் நடிச்சாங்க, அவருக்கும் கேட்டிருக்கும், ஆனா இழுத்த நாண அவரு விடல.