எதோடு ஒப்பிட்ட எண் அது?
பொருளியல் மாணவர் கேள்வி – பதில்

கேள்வி: பணவீக்கம் தணிந்துவிட்டது என்று செய்தி வருகிறது. கடையில் எந்த விலையும் இறங்கியதாகத் தெரியவில்லையே. புள்ளிவிவரம் தவறா?

பதில்: தவறில்லை. பணவீக்கம் என்பது விலை ஏறும் வேகம். வேகம் குறைந்தாலும் ஏற்றம் தொடரும். விலைக் குறியீட்டெண் முதல் ஆண்டு 100, அடுத்த ஆண்டு 108, அதற்கடுத்த ஆண்டு 111.24 என்று வைத்துக்கொள்ளுங்கள். பணவீக்கம் 8 சதவீதத்திலிருந்து 3 சதவீதமாக இறங்கிவிட்டது. விலைமட்டமோ தொடக்கத்தைவிட 11.24 சதவீதம் மேலே நிற்கிறது. அந்த ஈராண்டில் சம்பளம் அந்த அளவுக்கு உயராதவரின் வாங்கும் சக்தி குறைந்தே இருக்கும். அதனால் மக்களின் மனக்குறையை அறியாமை என்று விடைத்தாளில் எழுதிவிடாதீர்கள்.

அடித்தள விளைவையும் கவனிக்க வேண்டும். அமெரிக்காவில் நுகர்வோர் பணவீக்கம் 2022 ஜூனில் 9.1 சதவீதம், 2023 ஜூனில் 3.0 சதவீதம். இரண்டாவது எண் சிறியதாகத் தெரிவதற்கு, ஒப்பிட எடுத்த 2022 ஜூனின் விலைமட்டமே மிக உயரத்தில் இருந்ததும் ஒரு காரணம். இப்போதைய போக்கை அறிய, பருவகாலத் திருத்தம் செய்த (அறுவடை, பண்டிகை போல ஆண்டுதோறும் வரும் ஏற்ற இறக்கத்தை நீக்கிய) குறியீட்டை எடுத்து, கடைசி மூன்று மாதங்களின் மாதாந்திர ஏற்றத்தைப் பாருங்கள். மாதம் 0.5 சதவீதம் ஏறினால் ஆண்டு விகிதம் 6 அல்ல. 1.005ஐப் பன்னிரண்டு முறை பெருக்கினால் 1.062 வரும், அதாவது 6.2 சதவீதம். திருத்தம் செய்யாத குறியீட்டில் இந்தக் கணக்கைப் போட்டால், அறுவடைக் காலத்து விலைச்சரிவைக் கொள்கையின் வெற்றி என்று எழுதிவிடுவீர்கள்.

கேள்வி: அமெரிக்காவின் வளர்ச்சி 2.8 சதவீதம், யூரோ பகுதியின் வளர்ச்சி 0.3 சதவீதம் என்றால், முன்னது ஒன்பது மடங்கு வேகமா?

பதில்: அப்படி ஒப்பிடவே கூடாது. அமெரிக்கா காலாண்டு வளர்ச்சியை ஆண்டு விகிதமாக மாற்றி அறிவிக்கிறது. ஐரோப்பியத் தலைப்புச் செய்தியில் வருவது பெரும்பாலும் முந்தைய காலாண்டோடு ஒப்பிட்ட நேரடி மாற்றம். இந்தியாவும் சீனாவும் முந்தைய ஆண்டின் அதே காலாண்டோடு ஒப்பிட்ட எண்ணை முன்வைக்கின்றன. ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவந்தால், 2.8 என்பது காலாண்டுக்குச் சுமார் 0.7தான். 0.7க்கும் 0.3க்கும் உள்ள வேறுபாடு இரு மடங்குக்குச் சற்று மேல்.

2020இன் இரண்டாம் காலாண்டில் அமெரிக்க ஜிடிபி (மொத்த உள்நாட்டு உற்பத்தி) 32.9 சதவீதம் சரிந்ததாக முதல் மதிப்பீடு வெளிவந்தபோது, பொருளாதாரத்தில் மூன்றில் ஒரு பங்கு அழிந்துவிட்டது என்று பலர் எழுதினார்கள். அந்தக் காலாண்டின் உண்மைச் சரிவு சுமார் 9.5 சதவீதம். அதே வேகத்தில் ஓராண்டு முழுவதும் விழுந்தால் என்ன ஆகும் என்ற கணக்குதான் 32.9.

கேள்வி: மத்திய வங்கி வட்டியை உயர்த்தினால் பழைய கடன் பத்திரத்தின் விலை ஏன் விழ வேண்டும்? அதன் வட்டிதான் மாறவில்லையே?

பதில்: மாறாததே காரணம். முகமதிப்பு 1,000, ஆண்டு வட்டி 2 சதவீதம், முதிர்வுக்குப் பத்து ஆண்டுகள் என்று ஒரு பத்திரம். ஆண்டுக்கு 20 தரும். புதிய பத்திரங்கள் 4.5 சதவீதம் தரத் தொடங்கினால், பழையதை 1,000 கொடுத்து யாரும் வாங்க மாட்டார்கள். வரவிருக்கும் பத்து வட்டித் தொகைகளையும் இறுதியில் திரும்பும் 1,000ஐயும் 4.5 சதவீத வட்டியில் இன்றைய மதிப்புக்கு மாற்றிப் பாருங்கள்: 158.25 + 643.93 = ஏறத்தாழ 802. அதே பத்திரத்துக்கு முதிர்வு இரண்டே ஆண்டுகள் என்றால் விலை 953. முதிர்வு நீள நீள அடி பலமாக விழுகிறது. தேர்வில் இந்தப் பகுதியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்.

2023 மார்ச்சில் அமெரிக்காவின் சிலிக்கான் வேலி வங்கி விழுந்ததை இந்தக் கணக்கோடு படியுங்கள். வட்டி பூஜ்யத்தை ஒட்டியிருந்த காலத்தில் வந்து குவிந்த வைப்புப் பணத்தை அது நீண்டகாலப் பத்திரங்களில் போட்டிருந்தது. அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வ் 2022 மார்ச்சில் வட்டியை ஏற்றத் தொடங்கியதும் அவற்றின் சந்தை மதிப்பு சரிந்தது. முதிர்வு வரை வைத்திருப்பதாக வகைப்படுத்திய பத்திரங்களின் இழப்பு இருப்புநிலைக் குறிப்பில் இழப்பாகக் கழிக்கப்படவில்லை. மார்ச் 8 அன்று, சுமார் 2,100 கோடி டாலர் மதிப்புள்ள பத்திரங்களை விற்றதில் 180 கோடி டாலர் இழப்பு என்று வங்கியே அறிவித்தது. வைப்புகளில் மிகப் பெரும்பகுதி 2,50,000 டாலர் காப்பீட்டு வரம்புக்கு மேற்பட்டவை. மறுநாளே 4,200 கோடி டாலர் வெளியேறியது. 10ஆம் தேதி வங்கி மூடப்பட்டது. அந்தப் பத்திரங்களில் பெரும்பாலானவை அரசின் பின்பலம் உள்ளவை, திரும்பி வராத கடன்கள் அல்ல. கடன் அபாயமும் வட்டி அபாயமும் வேறு வேறு என்று காட்ட இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைக்காது.

கேள்வி: வட்டி 5.50இலிருந்து 5.25 ஆனால் 0.25 சதவீதம் குறைந்தது என்று எழுதலாமா?

பதில்: கூடாது. 0.25 சதவீதப் புள்ளி, அதாவது 25 அடிப்படைப் புள்ளிகள் என்று எழுதுங்கள். சதவீதத்தில் சொன்னால் குறைவு சுமார் 4.5.

கேள்வி: இறக்குமதி வரியைச் செலுத்துவது ஏற்றுமதி செய்யும் நாடா, வாங்கும் நாடா?

பதில்: சுங்கத்துறையிடம் பணம் கட்டுபவர் இறக்குமதியாளர். சுமை யார் தலையில் இறங்குகிறது என்பது தனிக் கேள்வி. வரிக்கு முன் விலை 100, வரி 25 சதவீதம், ஏற்றுமதியாளர் விலையை 92க்கு இறக்குகிறார் என்று கொள்வோம். வரி 23, மொத்தம் 115. அந்த 23இல் 8 வெளிநாட்டவருடையது, 15 உள்நாட்டினருடையது. உள்நாட்டுப் பங்கை இறக்குமதியாளரும் கடைக்காரரும் நுகர்வோரும் எப்படிப் பிரித்துக்கொள்வார்கள் என்பதைத் தேவை, அளிப்பு நெகிழ்ச்சிகள் (விலை மாறும்போது வாங்கும் அளவும் விற்கும் அளவும் எவ்வளவு மாறும் என்பது) தீர்மானிக்கும்.

பாதிப்பு வரி போட்ட பொருளோடு நிற்பதுமில்லை. 2018இல் அமெரிக்கா சலவை இயந்திரங்களுக்கு வரி விதித்தபோது, வரியே இல்லாத துணி உலர்த்தியின் விலையும் கூடவே ஏறியது. இரண்டும் சோடியாக விற்பவை. விற்பனையாளர்கள் ஏற்றத்தை இரண்டிலும் பரப்பிவிட்டார்கள். 2025 ஏப்ரலில் அமெரிக்கா அறிவித்த பரவலான வரிகளைப் பற்றிக் கட்டுரை எழுதுபவர்கள், வரி விகிதத்தோடு நிறுத்தாமல், இறக்குமதி விலைக் குறியீட்டையும் நாணய மாற்று விகிதத்தையும் சேர்த்துப் பாருங்கள்.

கேள்வி: ஆய்வுத்திட்டத்துக்கு முப்பது ஆண்டு ஜிடிபி தரவு வேண்டும். நடுவில் எண்கள் திடீரென்று தாவுகின்றனவே?

பதில்: அடிப்படை ஆண்டு, அதாவது எந்த ஆண்டின் விலையில் கணக்கிடுகிறார்களோ அந்த ஆண்டு, மாறியிருக்கும். இரு தொடர்களிலும் இடம்பெறும் ஓர் ஆண்டைக் கண்டுபிடியுங்கள். அந்த ஆண்டில் பழைய தொடர் 160, புதியது 100 என்றால், புதிய தொடர் முழுவதையும் 1.6ஆல் பெருக்குங்கள். இணைக்காமல் ஒட்டினால் அந்த ஓர் ஆண்டின் தாவல் உங்கள் ஒட்டுறவுக் கெழுவையே (இரு மாறிகள் எவ்வளவு சேர்ந்து நகர்கின்றன என்று காட்டும் எண்) கெடுத்துவிடும்.

உலக வங்கித் தரவுத்தளத்தில் நடப்பு டாலர் (அந்தந்த ஆண்டின் விலையில்), நிலையான டாலர் (ஒரே ஆண்டின் விலையில்), வாங்கும் சக்தி சமநிலை (நாடுகளின் விலைமட்ட வேறுபாட்டைச் சரிசெய்தது) என்று தனித்தனி வரிசைகள் உண்டு. காலப்போக்கில் வளர்ச்சியை அளக்க நிலையான விலைத் தொடர், நாடுகளின் வாழ்க்கைத் தரத்தை ஒப்பிட வாங்கும் சக்தி சமநிலையில் தலைக்கு இவ்வளவு என்ற தொடர், வெளிநாட்டுக் கடன் சுமையை அளக்க நடப்பு டாலர். ஜிடிபி மதிப்பீடுகள் பலமுறை திருத்தப்படும் என்பதால், தரவிறக்கிய தேதியை அட்டவணையின் கீழ் எழுதிவையுங்கள். இல்லாவிட்டால் ஆறு மாதம் கழித்து வழிகாட்டி சரிபார்க்கும்போது உங்கள் எண்ணும் தளத்தின் எண்ணும் பொருந்தாது.