2001-ஆ, 2002-ஆ: ‘சதர்ன் ராக் ஓப்பரா’ ஒரே ஆல்பம்தான்

‘சதர்ன் ராக் ஓப்பரா’வுக்குச் சில விமர்சனங்கள் 2001 என்றும் சில 2002 என்றும் ஆண்டு போடுகின்றனவே, இவை வேறு வேறு ஆல்பங்களா என்று கேட்டிருந்தீர்கள். இரண்டும் ஒரே ஆல்பம்தான். டிரைவ்-பை டிரக்கர்ஸ் என்ற அமெரிக்க ராக் இசைக்குழுவினர் 2001-இல் தாங்களே வெளியிட்டார்கள்; 2002-இல் லாஸ்ட் ஹைவே என்ற இசைத்தட்டு நிறுவனம் மறுபடி வெளியிட்டது. நீங்கள் பார்த்த விமர்சனங்களில் ஆண்டு மாறி மாறி வருவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். மறுவெளியீட்டுக்குப் பிறகுதான் பல விமர்சகர்கள் கைக்கு அது போய்ச் சேர்ந்தது.

உங்களிடம் இருப்பது எது என்று தெரிய, அட்டையின் பின்பக்கம் நிறுவனப் பெயரைப் பாருங்கள். 2024-இல் விரிவான மறுபதிப்பும் வந்திருப்பதால், இணையக் கடைகள் காட்டும் ஆண்டை மட்டும் நம்ப வேண்டாம்.

அப்புறம், நிறப் பாகுபாட்டை ஆதரித்த முன்னாள் அலபாமா மாநில ஆளுநர் ஜார்ஜ் வாலஸை இதில் புகழ்கிறார்களோ என்ற உங்கள் சந்தேகம். இல்லவே இல்லை. ஆல்பத்தில் வரும் ‘தி த்ரீ கிரேட் அலபாமா ஐகான்ஸ்’ என்ற பாடல் பேச்சாகவே ஓடும். அதைத் தாண்டிப் போய்விட்டால் அடுத்து வரும் ‘வாலஸ்’ புரியாது. அதில் பேசுவது சாத்தான். வாலஸை நரகத்துக்கு வரவேற்கிறான். குழுவினர் தங்கள் மண்ணை நேசித்துக்கொண்டே அதன் நிறவெறியை இப்படி நேருக்கு நேர் பார்த்ததால்தான் விமர்சகர்கள் இந்த ஆல்பத்தைக் கொண்டாடினார்கள் என்பது என் எண்ணம்.

ஒன்று மட்டும்: பாடல்களைக் கலைத்துப் போட்டுக் கேட்காதீர்கள். லினர்ட் ஸ்கினர்ட் என்ற ராக் இசைக்குழுவினர் சிக்கிய 1977 விமான விபத்தை நோக்கி வரிசையாகப் போகும் கதை அது.