மறுபடியும் வாலிபர் ஊழியத்துக்குப் போகலாமா?

கேள்வி: எனக்கு 33 வயது. கல்லூரிக் காலம் தொட்டு எங்கள் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையில் ஞாயிறு பள்ளியிலும் வாலிபர் கூட்டத்திலும் ஊழியம் செய்துவந்தேன். ஒரு ரிட்ரீட் (தியான முகாம்) செலவுக் கணக்கில் கமிட்டி உறுப்பினர் ஒருவர் எல்லார் முன்னாலும் என்னைச் சந்தேகப்பட்டுப் பேசினார். மனம் உடைந்து விலகிவிட்டேன். அப்புறம் உள்ளூரிலேயே கல்யாணம், குழந்தை. ஆறு வருடம் ஓடிவிட்டது. புதிதாக வந்திருக்கும் ஐயர் (சபைப் போதகர்), வாலிபர் கூட்டத்தை எடுத்து நடத்தச் சொல்கிறார். ஆசையாகவும் இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது. போகலாமா? (திருநெல்வேலி வாசகி)

பதில்: போங்கள் சகோதரி. ஆனால் 'எடுத்து நடத்த'ப் போகாதீர்கள். முதலில் மூன்று மாதம், ஒரே ஒரு வேலைக்கு, இப்போது நடத்துகிறவர்களுக்குத் துணையாகப் போங்கள்.

நானும் இரண்டு வருடம் விலகியிருந்து திரும்பியவன்தான். விட்டுப்போன நாட்களை எல்லாம் ஈடுகட்டிவிட வேண்டும் என்ற வேகத்தில் வாலிபர் கூட்டம், வேத வினாடி வினாப் பயிற்சி, வீடு வீடாகக் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடப் போகும் கேரல் ரவுண்ட்ஸ், மே மாத வி.பி.எஸ். (விடுமுறை வேதாகமப் பள்ளி) என்று கேட்டதற்கெல்லாம் தலையாட்டினேன். வி.பி.எஸ். முடிந்த மறுநாள் காய்ச்சலில் படுத்தேன். காய்ச்சல் நாலு நாளில் போய்விட்டது, ஆனால் ஜூன் முழுக்க நான் கூட்டத்துக்குப் போகவில்லை. ஜூலையில் போனபோது, பின் பெஞ்சில் உட்கார்ந்து சைக்கிள் சாவியை விரலில் சுற்றிக்கொண்டே இருக்கும் பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன், எல்லாரும் வெளியே போகும்வரை காத்திருந்து என்னிடம் வந்தான். அதற்கு முன் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. "அண்ணா, அடுத்த வாரம் வருவீங்களா?" என்று மட்டும் கேட்டான். நான் ராத்திரி கண்விழித்துத் தயாரித்த பாடமெல்லாம் அவனுக்கு நினைவிருந்ததோ இல்லையோ, நான் வராத ஐந்து ஞாயிறும் நினைவிருந்தது.

அதனால் எவ்வளவு செய்ய முடியும் என்று பார்க்காதீர்கள். தவறாமல் எதைச் செய்ய முடியும் என்று பாருங்கள். ஞாயிறு மாலை குழந்தையை யார் பார்த்துக்கொள்வார்கள்? வீட்டுக்காரருக்கு வேலை வந்துவிட்டால், மாமியாருக்கு உடம்பு சரியில்லை என்றால் என்ன ஏற்பாடு? ஒரு மணி நேரக் கூட்டத்துக்கு வார நாட்களில் குறைந்தது இரண்டு மணி நேரமாவது தயாரிப்பு வேண்டும். அந்த நேரம் எங்கிருந்து வரும்? ஐயருக்குச் சம்மதம் சொல்லும் முன்பே இதை வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள். மாதம் இரண்டு ஞாயிறுதான் முடியும் என்றால் அதையே சொல்லுங்கள், அது குறைவான ஊழியம் இல்லை.

அடுத்து அந்தப் பழைய காயம். உங்கள் கடிதத்தில் பயம் என்று எழுதியிருப்பது பெரும்பாலும் இதுதான் என்று நினைக்கிறேன். அப்படிப் பேசியவர் இன்னும் கமிட்டியில் இருந்தால், நீங்கள் சேர்ந்த பிறகு அவரைத் தற்செயலாக எதிர்கொள்வது நல்லதல்ல. சேரும் முன்பே ஐயரை வைத்துக்கொண்டு ஒருமுறை பேசிவிடுங்கள். அவர் மன்னிப்புக் கேட்பார் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள். நடந்தது உங்களை எப்படிப் பாதித்தது என்று உங்கள் வாயால் சொல்லிவிட்டால் போதும். அவரைப் பார்த்தாலே இன்னும் கைகால் நடுங்குகிறது என்றால், இன்னும் ஆறு மாதம் பொறுப்பதில் தப்பே இல்லை. பண விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். காசு உங்கள் கைக்கு வரவே வேண்டாம். வந்தே ஆக வேண்டும் என்றால் ரசீதுப் புத்தகமும் இரண்டு பேர் கையெழுத்தும் இல்லாமல் தொடாதீர்கள்.

விலகியவள் என்ற குற்ற உணர்வு வேண்டாம். வேதாகமத்தில் வரும் யோவான் மாற்கு, பவுலோடும் பர்னபாவோடும் ஊழியப் பயணம் போய், பம்பிலியா நாட்டுப் பெர்கேயில் பாதியில் திரும்பிப் போனவர். ஏன் போனார் என்று அப்போஸ்தலர் நடபடிகள் சொல்லவில்லை. அவரை மறுபடி சேர்த்துக்கொள்ளப் பவுல் மறுத்தார். பர்னபாதான் அவரைத் தன்னோடு சீப்புரு தீவுக்குக் கூட்டிப்போனார். பிற்பாடு அதே பவுல், சிறையிலிருந்து தீமோத்தேயுவுக்கு எழுதும்போது மாற்குவை அழைத்துவரச் சொல்கிறார். நான் கவனிப்பது இடையில் நடந்ததை. மாற்கு திரும்பி வந்தது தலைவராக அல்ல, பர்னபாவின் துணையாக. உங்கள் சபையிலும் அப்படி ஒரு பர்னபா இருப்பார், தேடிப் பிடியுங்கள்.

ஐயர் மாற்றலாகிப் போவார், கமிட்டியும் மாறும். வாய்ப்பேச்சை நம்பி இறங்கினால், அடுத்து வருகிறவர் "உங்களை யார் போட்டது?" என்று கேட்கலாம். என்ன வேலை, எத்தனை மாதம், யாரிடம் பதில் சொல்ல வேண்டும் என்பதைக் கமிட்டித் தீர்மானத்தில் எழுதச் சொல்லுங்கள்.

பழைய வகுப்பு நோட்டுகளை எடுத்துக்கொண்டு போகாதீர்கள். உங்களிடம் படித்த பிள்ளைகள் வேலைக்குப் போய்விட்டார்கள். இப்போது இருப்பவர்களில் பலர் நீட் கோச்சிங் முடித்து அரைத் தூக்கத்தில் வருகிறார்கள். சாதி பார்த்துக் கல்யாணம் செய்வது சரியா, ஜெபம் பண்ணியும் மனசு இருட்டாகவே இருக்கிறதே என்றெல்லாம் நேராகவே கேட்பார்கள். எல்லாவற்றுக்கும் வசனத்தால் உடனே பதில் சொல்ல வேண்டியதில்லை. 'செத்துப்போகலாம் போல இருக்கிறது' என்று ஒரு பிள்ளை சொன்னால், ஜெபம் செய்வதோடு நிறுத்தாதீர்கள். தனியே விடாமல் கூட இருங்கள், நம்பகமான பெரியவர் ஒருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள், 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணை அழையுங்கள்.

இன்னொன்று, இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. 2012-இன் போக்சோ சட்டப்படி (பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் சட்டம்) 18 வயது நிரம்பாத எல்லாரும் குழந்தைகள்தான், உங்கள் பிளஸ் டூ பிள்ளைகள் பெரும்பாலும் உட்பட. பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தால், நடக்கக்கூடும் என்று அஞ்சினாலும், போலீசுக்குத் தெரிவிப்பது ஒவ்வொருவரின் கடமை என்று 19-ஆம் பிரிவு சொல்கிறது. தெரிந்தும் சொல்லாதவருக்கு 21-ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறை உண்டு, நிறுவனப் பொறுப்பாளருக்கு ஒரு வருடம் வரை. ஐயரிடம் சொல்லிவிட்டேன், கமிட்டி பார்த்துக்கொள்ளும் என்பது போதாது. சபையின் பேர் கெட்டுவிடும் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். குழந்தைகள் உதவி எண் 1098-ஐ ஹால் சுவரில் பிள்ளைகள் கண்ணில் படுகிற இடத்தில் ஒட்டுங்கள். எந்தக் கூட்டத்திலும் பெரியவர்கள் இரண்டு பேர் இருக்க வேண்டும். ஒரு பிள்ளையோடு தனியாகப் பேச வேண்டுமானால் கதவு திறந்திருக்கட்டும், அல்லது மற்றவர்கள் பார்க்கிற இடத்தில் பேசுங்கள். ராத்திரியில் தனி வாட்ஸ்அப் உரையாடல் வேண்டாம். டூர், ரிட்ரீட் என்றால் பெற்றோர் கையெழுத்துப் போட்ட அனுமதி வேண்டும். கமிட்டி இதற்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றால், அங்கே பொறுப்பு ஏற்காதீர்கள்.

எப்போது தொடங்குவது? கேரல் பரபரப்பில் டிசம்பரில் வேண்டாம். மார்ச்சில் பரீட்சை, மே மாதம் வி.பி.எஸ். ஓட்டம். பள்ளிக்கூடம் திறக்கும் ஜூன்தான் நல்ல மாதம். முதல் நாலு ஞாயிறு பின் பெஞ்சில் உட்காருங்கள். ஒரு சின்ன நோட்டில் யார் பேர் என்ன, யார் எந்த ஸ்கூல், யார் தனியாகவே உட்காருகிறார்கள் என்று எழுதிக்கொள்ளுங்கள். ஐந்தாவது ஞாயிறு ஒரு பிள்ளையைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பேசுங்கள்.