எங்கெல்ஸ் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

இரண்டாம் உலகப் போரில் சோவியத் விமானி மரினா ரஸ்கோவா திரட்டிய பெண் விமானிகளைப் பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். அவர்கள் பயிற்சி பெற்ற எங்கெல்ஸ் நகரை அத்தனை வாஞ்சையோடு எழுதியிருந்தீர்கள். இன்று உக்ரைன் நகரங்கள்மீது ஏவுகணை வீசும் விமானங்களின் தளமும் அதே எங்கெல்ஸ்தானே? அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே, ஏன்?

ம.

அன்புள்ள ம.,

அதே எங்கெல்ஸ்தான். வேண்டுமென்று விடவில்லை, ஆனாலும் விட்டது பிழை.

யோசித்துப் பார்த்தால் 1941ஐயே நான் முழுதாகச் சொல்லவில்லை. வோல்காவின் இடக்கரையில், சரதோவுக்கு எதிரே உள்ள எங்கெல்ஸ் அன்று வோல்கா ஜெர்மானியர்களின் தன்னாட்சிக் குடியரசுக்குத் தலைநகர். நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலாக அந்த மண்ணை உழுதவர்கள் அவர்கள். 1941 ஆகஸ்ட் 28ஆம் தேதி பிறந்த ஆணை அம்மக்களைச் சைபீரியாவுக்கும் கஸக்ஸ்தானுக்கும் ரயிலேற்றியது. அக்டோபரில் ரஸ்கோவாவின் பெண்கள் வந்து இறங்கியபோது அந்த வீடுகள் காலியாகிச் சில வாரங்களே ஆகியிருந்தன. இதையும் நான் எழுதியிருக்க வேண்டும்.

போருக்குப் பிறகு, 1950களில், அமெரிக்கா வரை போகும் நோக்கோடு கட்டப்பட்ட எம்-4 குண்டுவீச்சு விமானங்கள் அங்கே வந்தன. பின்னர் வந்ததுதான் என்னை அதிகம் உறுத்துகிறது. சோவியத் காலத்தில் டியூ-160 என்ற நெடுந்தூரக் குண்டுவீச்சு விமானங்களின் முதன்மைத் தளம் உக்ரைனின் பிரிலுகி. ஒன்றியம் உடைந்தபோது 19 விமானங்கள் அங்கேயே நின்றுவிட்டன. ரஷ்யா 1992 முதல் எங்கெல்ஸில் புதிதாகச் சேர்க்கத் தொடங்கியது. உக்ரைன் தன்னிடம் இருந்தவற்றில் பலவற்றை உடைத்தது. மிஞ்சியதில் எட்டு டியூ-160, மூன்று டியூ-95, கூடவே ஐந்நூறுக்கும் மேற்பட்ட ஏவுகணைகள் 1999-2000இல் எரிவாயுக் கடனுக்கு ஈடாக ரஷ்யாவுக்குப் போயின. விமானங்கள் போய் இறங்கிய இடம் எங்கெல்ஸ்.

2022 டிசம்பர் 5 அன்று, எல்லையிலிருந்து ஐந்நூறு கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்த அந்தத் தளத்தை உக்ரைனின் ட்ரோன் எட்டியது. அதே மாதம் 26ஆம் தேதி மறுபடியும். 2025 மார்ச்சில் பெரும் வெடிப்பு. உங்கள் கடிதத்தில் ஒரு சிறு திருத்தம்: இந்தத் தாக்குதல்களால் விமானங்கள் பல வடக்கே ஓலென்யாவுக்கும் தூரக் கிழக்கிலுள்ள உக்ராயின்கா தளத்துக்கும் நகர்த்தப்பட்டன. எனவே ஒவ்வொரு ஏவுகணையும் எங்கெல்ஸிலிருந்து கிளம்பியதல்ல. தாய்த்தளம் அதுதான் என்பதில் மாற்றமில்லை.

ரஸ்கோவாவின் பெண்களையும் இன்றைய விமானிகளையும் ஒரே தட்டில் வைக்க மட்டும் என்னால் முடியாது. ரஸ்கோவா திரட்டியவர்களில் இரவுக் குண்டுவீச்சுப் படைப்பிரிவின் பெண்கள் மரமும் துணியுமான போ-2 விமானத்தில் எஞ்சினை அடக்கிக்கொண்டு எதிரிப் படையின் தலைக்கு மேலேயே போனார்கள். இன்றைய விமானி காஸ்பியன் கடலுக்கு மேலே நின்றே ஏவிவிட்டுத் திரும்புகிறார். அது விழும் அடுக்குமாடி வீட்டை அவர் பார்ப்பதே இல்லை.

அந்த இரவுக் குண்டுவீச்சுப் படைப்பிரிவில் முதன்முதலாகச் சோவியத் யூனியன் வீரர் பட்டம் பெற்றவர் யெவ்தோகியா நோசல். போரின் முதல் நாளிலேயே பிரெஸ்ட் நகரில் குண்டுவீச்சில் கைக்குழந்தையைப் பறிகொடுத்தவர். 1943 ஏப்ரலில் நோவரஸ்ஸீஸ்க் அருகே பறந்துகொண்டிருந்தபோதே கொல்லப்பட்டார். பின்னிருக்கையில் இருந்த இரினா காஷிரினா, தோழியின் உடலோடு விமானத்தைத் தளத்துக்குத் திருப்பிக்கொண்டுவந்தார். நோசல் எங்கெல்ஸில் பயிற்சி பெற்றவர். பிறந்தது உக்ரைனின் ஸபோரிஷியா பகுதியில் ஒரு கிராமம்.