படத்தில் பார்த்த வீட்டுக்கு முன்பணம் கொடுக்கலாமா?

கேள்வி: எனக்கு வேறொரு நகரத்தில் வேலை கிடைத்திருக்கிறது. ஆறு வாரங்களில் கணவருடனும் ஏழு வயது மகளுடனும் குடிபெயர வேண்டும். அங்கே எங்களுக்குத் தெரிந்தவர்கள் எவரும் இல்லை. இணையத்தில் படங்களைப் பார்த்து ஒரு வீட்டைத் தேர்ந்தெடுத்துவிட்டோம், முன்பணம் கேட்கிறார்கள். கொடுத்துவிடலாமா? வேறு எதையெல்லாம் இப்போதே செய்து முடிக்க வேண்டும்? – ஒரு வாசகி

பதில்: முன்பணத்தை இப்போது கொடுக்க வேண்டாம். படத்தில் சுவரும் தரையும் தெரியுமே தவிர, பக்கத்துப் பட்டறையின் இரைச்சலோ, மாடிக் குழாயில் தண்ணீர் நூலாக ஒழுகுவதோ தெரியாது. அதைவிட முக்கியமாக, பணம் கேட்பவர் அந்த வீட்டின் உரிமையாளர்தானா என்பதையே தொலைவிலிருந்து உறுதிசெய்துகொள்வது கடினம். யாருடைய வீட்டுப் படத்தையோ காட்டி முன்பணம் பறிக்கும் மோசடி எங்கும் நடக்கிறது. 'இன்றே கட்டாவிட்டால் வேறொருவருக்குப் போய்விடும்' என்று அவசரப்படுத்தினால், போகட்டும் என்று விட்டுவிடுங்கள்.

இந்த ஆறு வாரங்களுக்குள் உங்கள் இருவரில் ஒருவராவது அந்த நகரத்துக்கு ஒருமுறை போய்வர வேண்டும். அதுவும் விடுமுறை நாளில் அல்ல, வேலை நாளில். காலையில் எல்லோரும் புறப்படும் நேரத்தில், நீங்கள் குடியிருக்க நினைக்கும் தெருவிலிருந்து அலுவலகம் வரைக்கும் பள்ளி வரைக்கும் பயணம் செய்து, எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். நள்ளிரவில் வரைபடச் செயலி காட்டும் இருபது நிமிடம், காலை எட்டரை மணிக்கு ஒரு மணி நேரமாக நீளக்கூடும். நானும் ஒருமுறை பெரிய பால்கனிக்கு மயங்கித் தொலைவில் வீடு எடுத்தவன்தான். தினமும் இருட்டிய பிறகே வீடு திரும்பியதால், வேலை நாளில் ஒரு மாலை வெயிலைக்கூட அங்கே உட்கார்ந்து பார்த்ததில்லை.

போய்வர இயலாவிட்டால், முதல் ஒன்றிரண்டு மாதங்களுக்குக் குறுகிய கால வாடகையில் தங்கிக்கொண்டு வீடு தேடுங்கள். வாடகை கூடுதலாகத்தான் இருக்கும். ஆனால், ஓராண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுவிட்டுப் பாதியில் முறிப்பதற்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் அது பெரிதன்று. மகளின் பள்ளியை முதலில் முடிவுசெய்து, அதற்குப் பக்கத்தில் வீடு தேடுவதே என் பார்வையில் சரியான வரிசை.

சாமான்களைப் பொறுத்தவரை, சில வேலைகளைக் கடைசி நாளுக்குத் தள்ளக் கூடாது. குளிர்சாதனப் பெட்டியை முந்தைய நாளே அணைத்து, பனி உருகி வடிந்தபின் உட்புறத்தைத் துடைத்து உலரவிடுங்கள். அதை நிற்கவைத்தே கொண்டுபோவது நல்லது. படுக்கவைத்துக் கொண்டுபோக நேர்ந்தால், கம்ப்ரசரிலுள்ள எண்ணெய் குழாய்களுக்குள் போயிருக்கும் என்பதால், எவ்வளவு நேரம் படுத்திருந்ததோ அவ்வளவு நேரமாவது நிமிர்த்தி வைத்த பிறகே மின்இணைப்புக் கொடுக்க வேண்டும். புத்தகங்களைச் சிறிய பெட்டிகளில் மட்டும் அடுக்குங்கள். பெரிய பெட்டி நிறையப் புத்தகம் வைத்தால் தூக்கும்போதே அடிப்பகுதி பிளந்துவிடும். பெட்டியில் என்ன இருக்கிறது என்பதை மேல்மூடியில் எழுதாமல் பக்கவாட்டில் எழுதுங்கள். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியபின் மூடி எவர் கண்ணுக்கும் படாது.

சான்றிதழ்களின் அசல், மகளின் தடுப்பூசி அட்டை, மருந்துச் சீட்டு, ஒரு மாதத்துக்கான மருந்து ஆகியவை சாமான் வண்டியில் ஏறக் கூடாது. உங்கள் கைப்பையிலேயே வர வேண்டும். பழைய வீட்டின் சாவியை ஒப்படைக்கும் நாளில் ஒவ்வோர் அறையையும் மின்மீட்டர் அளவையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். புதிய வீட்டிலும், ஒரு பெட்டியைக்கூட உள்ளே வைப்பதற்கு முன்பாக, சுவர்க் கீறல் முதல் உடைந்த தாழ்ப்பாள் வரை அனைத்தையும் படம் எடுத்து உரிமையாளருக்கு அனுப்பிவிடுங்கள். முன்பணத்தைத் திரும்பப் பெறும் நாளில் எழும் தகராறுகள் பலவும், சேதம் முன்பே இருந்ததா என்பதில்தான் தொடங்குகின்றன.

மகளைப் பற்றி நீங்கள் எதுவும் கேட்கவில்லை. அவளுக்கென்று ஒரு பெட்டியைக் கொடுத்து, எதை வைப்பது என்பதை அவளே முடிவுசெய்யட்டும். பாதி உடைந்த பொம்மையை வைத்தாலும் தடுக்காதீர்கள். அந்தப் பெட்டியை வண்டியில் கடைசியாக ஏற்றச் சொல்லுங்கள். இறக்கும்போது அதுதான் முதலில் வரும்.