ஏழாயிரம் வெள்ளியை எந்த எண்ணால் பெருக்குவது?

கோவையிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். பம்ப் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றில் தரக் கட்டுப்பாட்டுப் பொறியாளர், வயது 34. பிடித்தம் போக மாதம் 95,000 ரூபாய் கையில் வருகிறது. மனைவி பள்ளி ஆசிரியை; சம்பளம் 22,000. ஏழு வயதில் ஒரு மகள். பொள்ளாச்சியில் இருக்கும் பெற்றோருக்கு மாதம் 10,000 அனுப்புகிறார். இப்போது சிங்கப்பூரில் மாதம் 7,000 சிங்கப்பூர் டாலர் (வெள்ளி) சம்பளத்தில் வேலை வந்திருக்கிறது. “ஒரு டாலர் 68 ரூபாய் என்று பெருக்கினால் நாலே முக்கால் லட்சம். யோசிக்கவே வேண்டாம், கிளம்பு என்கிறார் மைத்துனர். இணையத்தில் வாங்கும் திறனைக் கணக்கிடும் பக்கம் ஒன்றில் போட்டுப் பார்த்தேன். இந்தியாவில் ஒன்றரை லட்சம் வாங்குவதற்குச் சமம் என்கிறது. எதை நம்புவது?” என்று கேட்கிறார்.

இரண்டையும் நம்பலாம். ஆனால் இரண்டும் வேறு வேறு பணத்தைப் பற்றிப் பேசுகின்றன. மைத்துனர் சொல்வது, நீங்கள் அங்கே செலவழிக்காமல் ஊருக்கு அனுப்பும் பணத்தின் மதிப்பு. இணையப் பக்கம் சொல்வது, அங்கேயே செலவாகும் பணத்தின் மதிப்பு. ஒரே சம்பளக் கவருக்குள் இந்த இரண்டு பணமும் இருக்கின்றன. கவரைப் பிரிக்காமல் மொத்தத்தையும் ஒரே எண்ணால் பெருக்குவதுதான் தவறு.

அந்த இணையக் கணக்கு எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் பார்த்துவிடுவோம். ஐக்கிய நாடுகள் அமைப்பும் பென்சில்வேனியா பல்கலைக்கழகமும் 1968-இல் தொடங்கிய ‘சர்வதேச ஒப்பீட்டுத் திட்டம்’ இன்று உலக வங்கியின் ஒருங்கிணைப்பில் நடக்கிறது. ஒரே தரமுள்ள பொருளுக்கும் சேவைக்கும் ஒவ்வொரு நாட்டிலும் என்ன விலை என்று திரட்டி, நாணயங்களின் வாங்கும் திறனைக் கணக்கிடுகிறார்கள். 2017-ஆம் ஆண்டுக் கணக்கின்படி, சந்தையில் ஓர் அமெரிக்க டாலருக்கு 65.12 ரூபாய். ஆனால் அமெரிக்காவில் ஒரு டாலர் வாங்கித் தருவதை இந்தியாவில் வாங்க 20.65 ரூபாயே போதுமாக இருந்தது. சிங்கப்பூர் டாலருக்கும் இப்படித்தான்: பணமாற்றுக் கடையில் 68 என்றால், வாங்கும் திறனில் ஏறத்தாழ 20 முதல் 25 ரூபாய்க்குள் வரும். 7,000-ஐ 22-ஆல் பெருக்குங்கள். உங்கள் ஒன்றரை லட்சம் வந்துவிடும்.

ஏன் இவ்வளவு பெரிய இடைவெளி? கைபேசி கப்பலேறும், முடிதிருத்துபவர் கப்பலேற மாட்டார். கோவையில் 80,000 ரூபாய்க்கு விற்கும் கைபேசி சிங்கப்பூரில் 1,300 வெள்ளிக்குக் கிடைக்கும். (அங்குள்ள தமிழர்கள் டாலரை வெள்ளி என்றுதான் சொல்வார்கள், நானும் இனி அப்படியே எழுதுகிறேன்.) பெருக்கிப் பார்த்தால் கிட்டத்தட்ட ஒரே விலை. முடிவெட்டு அப்படியல்ல. கோவையில் 120 ரூபாய் என்றால் அங்கே 12 வெள்ளி, அதாவது 816 ரூபாய். சிங்கப்பூர்க் கடைக்காரர் ஏழு மடங்கு வேகமாகக் கத்தரி பிடிப்பதில்லை. ஆனால் அதே ஊரில் மின்னணுச் சில்லு தயாரிக்கும் தொழிற்சாலையும் துறைமுகமும் வங்கியும் நல்ல சம்பளம் கொடுத்து ஆளெடுக்கின்றன. அந்தச் சம்பளத்தோடு போட்டி போட்டால்தான் முடிதிருத்தகத்தில் ஆள் நிற்கும். உற்பத்தித் திறன் கூடிய நாட்டில் சேவைகளும் விலை கூடும் என்பதை பேலா பலாசா, பால் சாமுவேல்சன் என்ற இரு பொருளியலாளர்கள் 1964-இல் தனித்தனியே விளக்கினார்கள். ஆகவே இந்த இடைவெளி நாளையே மூடிவிடும் என்று காத்திருக்க வேண்டாம். 2010-இல் ஒரு சிங்கப்பூர் வெள்ளி 33 ரூபாயை ஒட்டி இருந்தது. அதன்பின் அது இரட்டிப்பாகியிருக்கிறது.

சராசரிக் கணக்கு உங்கள் வீட்டுக்கு அப்படியே பொருந்தாது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. உலகின் செலவு மிகுந்த நகரங்களின் பட்டியல்களில் சிங்கப்பூர் அடிக்கடி முதலிடத்தில் வரும். 2023-இல் சூரிக்குடன் அந்த இடத்தைப் பகிர்ந்துகொண்டது. இதற்கு ஒரு முக்கியக் காரணம் கார். அங்கே கார் வைத்திருக்கப் பத்தாண்டு உரிமைச் சான்றிதழை ஏலத்தில் எடுக்க வேண்டும். அதன் விலையே ஒரு லட்சம் வெள்ளியைத் தாண்டியதுண்டு. நீங்கள் கார் வாங்கப் போவதில்லை. எம்ஆர்டி ரயிலிலும் பஸ்ஸிலும்தான் போவீர்கள். அப்படியானால் அந்தப் பட்டியலின் பயமுறுத்தலில் ஒரு பெரிய பங்கு உங்களுக்கானதே அல்ல.

இரண்டு ஊர்களை ஒப்பிட நான் விரும்பும் அளவுகோல் வேலை நேரம். மாதம் 200 மணி நேரம் வேலை என்று வைத்துக்கொண்டால், கோவையில் உங்கள் ஒரு மணிக்கு 475 ரூபாய். சிங்கப்பூரில் வரி போக 33 வெள்ளிக்குச் சற்று மேல். இனி விலையை நாணயத்தில் பார்க்காமல் நேரத்தில் பாருங்கள். கோவையில் 120 ரூபாய் மதியச் சாப்பாடு கால் மணி நேர உழைப்பு. சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவான தேக்காவில் 5 வெள்ளிச் சாப்பாடு ஒன்பது நிமிடம். கைபேசிக்கு இங்கே 168 மணி நேரம் உழைக்க வேண்டும், அங்கே 39 மணி நேரம் போதும். முடிவெட்டு இங்கே கால் மணி, அங்கே இருபது நிமிடத்துக்குச் சற்று மேல். வாடகையில் கதை முழுக்கத் தலைகீழாகிறது. கோவையில் 18,000 ரூபாய் வீட்டுக்கு 38 மணி நேரம். சிங்கப்பூரில் 2,800 வெள்ளி வீட்டுக்கு 84 மணி நேரம். வாங்குகிற பொருளெல்லாம் மலிவு, இருக்கிற இடம் யானை விலை. உங்கள் முடிவு வாடகை என்ற ஒற்றை வரியைச் சுற்றித்தான் நிற்கப் போகிறது.

நானும் அங்கே இரண்டு ஆண்டு இருந்தேன். முதல் மூன்று மாதம் எல்லாவற்றையும் ரூபாயில் பெருக்கிப் பார்க்கும் வியாதி இருந்தது. ஒரு டீயின் விலையைக் கேட்டுவிட்டு, பெருக்கிப் பார்த்து, குடிக்காமல் திரும்பிய நாளெல்லாம் உண்டு. சம்பளத்தை வெள்ளியில் வாங்கிக்கொண்டு டீயை ரூபாயில் குடிக்க முடியாது என்று உடன் தங்கியிருந்த காரைக்குடிக்காரர் கடிந்துகொண்ட பிறகுதான் அது தெளிந்தது.

இனி உங்கள் வீட்டுக் கணக்கு. இந்தத் தொகைகள் சிக்கனமாக வாழும் நடுத்தரக் குடும்பத்துக்கு நான் போடும் மதிப்பீடு. உங்கள் பழக்கத்துக்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள். வருமான வரிக்கு மாதம் 310 வெள்ளி. அங்கே வரியை மாதாமாதம் சம்பளத்தில் பிடிக்க மாட்டார்கள். அடுத்த ஆண்டு பில்லாக வரும். அதை மறந்து முழுச் சம்பளத்தையும் செலவழித்துவிட்டுத் திண்டாடுபவர்கள் அதிகம். வாடகை 2,800: இது வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) அடுக்குமாடியில் ‘மூவறை வீடு’. பெயரைக் கண்டு ஏமாற வேண்டாம். கூடத்தையும் ஓர் அறையாக எண்ணுவது அவர்கள் வழக்கம், படுக்கையறை இரண்டுதான். மின்சாரம், தண்ணீர், இணையம், கைபேசி 250. சாப்பாடு, மளிகை 1,000. மகளின் பள்ளிக்கு 900: அரசுத் தொடக்கப் பள்ளியில் இந்தியாவிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு மாதக் கட்டணம் இதை ஒட்டித்தான் இருக்கிறது, ஆண்டுதோறும் கூடியும் வருகிறது, இடமும் உறுதியில்லை. தாய்மொழிப் பாடமாகத் தமிழ் படிக்கலாம் என்பது ஓர் ஆறுதல். போக்குவரத்து 250, மருத்துவக் காப்பீடு 200, இதர செலவு 400. ஆண்டுக்கு ஒருமுறை மூவரும் ஊருக்கு வந்துபோக மாதம் 125 ஒதுக்கினால், மொத்தம் 6,235.

மிச்சம் 765 வெள்ளி. இந்தப் பணத்தைத்தான் 68-ஆல் பெருக்க வேண்டும்: 52,000 ரூபாய். பொள்ளாச்சிக்குப் போகும் 10,000 நிற்கப் போவதில்லை. அதைக் கழித்தால் 42,000.

இப்போது கோவையில் உங்கள் நிலை என்ன? இருவர் சம்பளமும் சேர்ந்து 1,17,000. பெற்றோருக்கு அனுப்புவது உட்பட வீட்டுச் செலவு 70,000 என்று எழுதியிருக்கிறீர்கள். மிச்சம் 47,000. இதோடு நீங்களும் நிறுவனமும் செலுத்தும் வருங்கால வைப்பு நிதி 12,000-ஐயும் சேர்க்க வேண்டும். பார்க்காத பணம் என்பதால் பலர் இதைக் கணக்கிலேயே எடுப்பதில்லை. ஆக 59,000. சிங்கப்பூரில் வேலை அனுமதியில் இருக்கும் வெளிநாட்டவருக்கு மத்திய சேமநிதி (நம் வைப்பு நிதி போன்றது) கிடையாது. உங்கள் மனைவியின் வருமானமும் நின்றுபோகும். சார்ந்தோர் அனுமதியில் (வேலைக்குப் போகிறவரின் மனைவி, பிள்ளைகளுக்குத் தருவது) வருபவர் வேலை பார்க்க, 2021 மே மாதத்திலிருந்து அவருக்கெனத் தனியாக வேலை அனுமதி வாங்க வேண்டும்.

குடும்பத்தோடு போனால், 7,000 வெள்ளிக்கு நீங்கள் இப்போது சேமிப்பதைவிட மாதம் 17,000 ரூபாய் குறைவாகத்தான் சேமிப்பீர்கள். மைத்துனரிடம் இதைப் பக்குவமாகச் சொல்லுங்கள்.

தனியாகப் போனால் கணக்கு முற்றிலும் வேறு. ஓர் அறை 1,100, சாப்பாடு 600, போக்குவரத்து 120, கைபேசியும் இதர செலவும் 450, வரி 310, இரண்டு மூன்று முறை ஊருக்கு வர 100. மொத்தம் 2,680. மிச்சம் 4,320 வெள்ளி, அதாவது ஏறத்தாழ 2,94,000 ரூபாய். கோவை வீட்டுக்கு மனைவியின் சம்பளம் போக இன்னும் 40,000 அனுப்பினாலும் இரண்டரை லட்சம் தங்கும். ஆகவே குடும்பத்தைப் பிரிந்திருப்பதற்கு இந்த வேலை மாதம் இரண்டு லட்சத்துக்கு மேல் விலை கொடுக்கிறது. அந்த விலைக்கு ஏழு வயது மகளின் இரண்டு ஆண்டுகளைக் கொடுக்கலாமா என்பதை நான் சொல்ல முடியாது. நீங்களும் உங்கள் மனைவியும்தான் பேச வேண்டும். என்னைக் கேட்டால், வீட்டுக் கடனோ மருத்துவக் கடனோ கழுத்தை நெரித்தால் ஒழிய இதைச் செய்ய மாட்டேன்.

மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது, அதுதான் எனக்குப் பிடித்தது: பேரம் பேசுங்கள். உங்கள் குடும்பச் செலவு 6,235 வெள்ளி. அதற்கு மேல் வரும் ஒவ்வொரு வெள்ளியும், வரி போக, நேராகச் சேமிப்புக்குப் போகிறது. அதன் மதிப்பு 22 அல்ல, 68 ரூபாய். உங்கள் வருமான அடுக்கில் வரி 11.5 சதவீதம். எனவே 7,000-க்குப் பதில் 8,000 வாங்கினால், கூடுதல் ஆயிரத்தில் 885 வெள்ளி மிஞ்சும். ரூபாயில் 60,000. சம்பளம் ஏழில் ஒரு பங்கு உயரும்போது சேமிப்பு 42,000-இலிருந்து ஒரு லட்சத்தைத் தாண்டிவிடுகிறது. இந்தியாவில் வாங்கும் சம்பளத்தைச் சொல்லி, ‘இதைவிட நான்கு மடங்கு தருகிறோமே’ என்று நிறுவனத்தார் பேசினால், வாடகையையும் பள்ளிக் கட்டணத்தையும் எடுத்து மேசையில் வையுங்கள். சம்பளத்தை உயர்த்தத் தயங்கும் நிறுவனங்கள்கூட முதல் ஆண்டு வாடகையில் ஒரு பகுதியையோ விமான டிக்கெட்டையோ தர ஒத்துக்கொள்வதுண்டு. எழுத்தில் வாங்குங்கள். 7,500-க்குக் கீழே குடும்பத்தோடு போக வேண்டாம் என்பது என் கருத்து. அந்தத் தொகையில்கூட இப்போதைய சேமிப்பைவிட 13,000 ரூபாய்தான் கூடும். வேலை அனுபவத்துக்காகப் போவதாக இருந்தால் மட்டும் சரி.

போவதென்று முடிவானால், முதல் சம்பளம் வருமுன்பே ஒரு பெரிய தொகை வேண்டும். ஓராண்டு ஒப்பந்தத்துக்கு ஒரு மாத வாடகை முன்பணம், முதல் மாத வாடகை, அதற்கு மேல் முத்திரைக் கட்டணம். இதற்கே ஏறத்தாழ 5,750 வெள்ளி, நாலு லட்சம் ரூபாயை நெருங்குகிறது. தரகர் கூலி தனி. இதற்காகத் தனிநபர் கடன் வாங்கினால், முதல் ஆண்டுச் சேமிப்பில் பெரும்பகுதி வட்டியோடு அதற்கே போய்விடும்.

கிளம்பும் தேதியையும் பாருங்கள். ஏப்ரலில் தொடங்கும் நிதியாண்டில் 182 நாளோ அதற்கு மேலோ இந்தியாவில் இருந்துவிட்டால், அந்த ஆண்டுக்கு நீங்கள் இங்கே குடியிருப்பவராகவே கருதப்படுவீர்கள். சிங்கப்பூர்ச் சம்பளமும் இங்கே வரிக் கணக்குக்குள் வந்துவிடும். அங்கே கட்டிய வரிக்குக் கழிவு உண்டு. ஆனால் இங்கே வரி விகிதம் அதிகம் என்பதால் மீதியைக் கட்ட வேண்டியிருக்கும். நிறுவனம் அக்டோபரில் சேரச் சொன்னால், செப்டம்பர் நடுவிலேயே சேர முடியுமா என்று கேட்டுப் பாருங்கள்.